அட்டைப்பெட்டிக் கழிவு: சின்ன பேலிங் மெஷினா, பெரிய மெஷினா?

மொத்த மளிகை, சூப்பர் மார்க்கெட் மாதிரி தொழில் செய்பவர்களுக்கு அட்டைப்பெட்டி எவ்வளவு வேகமாகச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. லூசாகப் போட்டால் இடம் போகும், தீப்பிடிக்கும் பயம் இருக்கும், பழைய பேப்பர் கடைக்கு அனுப்பினால் டாடா ஏஸ் பாதி எடைகூட ஏறாமல் நிறைந்துவிடும். அதனால் அட்டையை அழுத்திப் பண்டலாகக் கட்டும் பேலிங் மெஷின் வேண்டுமா வேண்டாமா என்பதில் பெரிய யோசனை இல்லை. எந்த மெஷின் என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள்.

கன்வேயரில் அட்டை போய்க்கொண்டே இருக்க, அழுத்திக் கம்பி கட்டி வெளியே தள்ளும் ஹரிசாண்டல் மெஷின் நம்மைப் போன்ற கடைகளுக்கு இல்லை, அது பேப்பர் கழிவு வியாபாரிகளுக்கும் பெட்டி தயாரிக்கும் கம்பெனிகளுக்கும். மிச்சம் இருப்பது மேலிருந்து அழுத்தும் வெர்டிகல். அதில் ஐம்பதிலிருந்து நூறு கிலோ வரை பண்டல் போடும் சின்னது ஒன்று, நானூறு கிலோவுக்கு மேல் மில் சைஸ், அதாவது பேப்பர் மில்லுக்கு நேராகப் போடும் அளவுப் பண்டல் போடும் பெரியது ஒன்று. நாங்கள் வாங்கியது சின்னது, என் ஓட்டும் அதற்குத்தான்.

பெரிய மெஷின் விற்பவர் சொல்வதில் தப்பில்லை. பண்டல் இறுக்கமாக இருக்கும், கட்டும் வேலை குறையும், இடைத்தரகர் இல்லாமல் நேராகப் பேப்பர் மில்லுக்கே போடலாம், ரேட்டும் கூடும். ஆனால் ஐந்தடி நீளத்தில் நானூறு கிலோ பண்டல் மெஷினை விட்டு வெளியே வந்ததும் அதை யார் நகர்த்துவது? ஃபோர்க்லிஃப்ட் இருந்தால் சரி. இல்லையென்றால், டிராலியில் தள்ளி வாசல் வரை கொண்டுபோனாலும் வண்டியில் ஏற்ற வழி கிடையாது. அப்புறம், நேராக மில்லுக்குப் போடுவதென்றால் ஒரு லாரி லோடாவது சேர வேண்டும். மாதத்துக்கு ஓரிரு டன் அட்டை வரும் கடையில் அது சேர மாதக்கணக்காகும், அதுவரை பண்டல்கள் நனையாமல் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையில் கட்டை போடாமல் அடுக்கினால் அடிப்பண்டல் ஈரம் இழுத்துவிடும், மில்லில் அந்த ஈரத்துக்கு எடையைக் கழிப்பார்கள். கூட வரும் என்று கணக்குப் போட்ட ரேட் அங்கேயே கரைந்துவிடும்.

சின்ன மெஷினில் இந்தத் தலைவலி இல்லை. எண்பது கிலோ பண்டலை இரண்டு லோடுமேன்கள் புரட்டி ஏற்றிவிடுவார்கள், வழக்கமாக வரும் பழைய பேப்பர் கடை வண்டியே போதும், லூசாகப் போனதைவிட ஒரே நடையில் நிறைய எடை போவதால் அந்தக் கடைக்காரரும் பேரம் பேச இறங்கி வருகிறார். த்ரீ பேஸ் இல்லாத கட்டடத்திலும் ஓடும் மாடல்கள் உண்டு. குறை என்றால், அடிக்கடி கட்ட வேண்டும், பண்டலைச் சுற்றிக் கட்டும் ஸ்ட்ராப் செலவு கூடும், டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிகளை வெட்டித்தான் போட வேண்டும்.

பராமரிப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. ஹைட்ராலிக் ஆயில் அளவு, சிலிண்டர் சீல் கசிவு, இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும். பெரிய மெஷினைப் பற்றி இதை நான் பக்கத்துக் குடோனில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன், பல வருடம் ஓட்டியவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

எதை வாங்கினாலும் கதவு திறந்திருக்கும்போது அழுத்தும் தட்டு இறங்காதபடி தடுக்கும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள், வேலை சீக்கிரம் முடியும் என்று அதை யாரும் பைபாஸ் செய்ய விடாதீர்கள், கை போய்விடும். ஸ்ட்ராப் கட்டி முடிக்கும் வரை தட்டு மேலே ஏறக் கூடாது என்பதையும் ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள், அட்டை உடனே எம்பி வந்துவிடும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் அட்டையையே கொண்டுபோய் ஒரு பண்டல் போடச் சொல்லுங்கள். உங்கள் லோடுமேன்களையும் கூட்டிப்போய், அதை அவர்களே வண்டியில் ஏற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.