பிராகில் யூரோ மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு 100 யூரோ போச்சு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுத்து கோர்வையாக இருக்காது. இன்று பிராகில், பழைய நகரச் சதுக்கத்திலிருந்து சார்லஸ் பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு பணமாற்றுக் கடையில் 100 யூரோவைப் பறிகொடுத்தேன். நம் காசுக்குப் பத்தாயிரம் ரூபாய் பக்கம்.

செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனாதான். வியன்னாவிலிருந்து வரும்போது கையில் 300 யூரோ நோட்டாக இருந்தது. ஊரில் கிளம்பும்போதே ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: "வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் வங்கி மூன்றரை சதவீதம் கூடுதலாக எடுக்கும், அதுதான் மார்க்கப், அதற்கு ஜிஎஸ்டி வேறு. ரொக்கமாகவே கொண்டுபோங்கள்."

கடை வாசலில் பெரிய எழுத்தில் '0% கமிஷன்'. மேலே மின்னும் பலகையில் யூரோவுக்கு நேராக 24 கொருனா. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் 'நமஸ்தே' என்றாள். முட்டிவலியோடு நின்ற அம்மாவுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள். எந்த ஊர், கோட்டை பார்த்தாயிற்றா என்றெல்லாம் விசாரிப்பு. "பலகையில் இருக்கும் ரேட்தானே?" என்று கேட்டேன். "கமிஷன் எதுவும் இல்லை சார்" என்றாள். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை, கவனியுங்கள். ஆனால் அம்மாவுக்கு ஸ்டூல் போட்டவளை யார் சந்தேகப்படுவார்கள்?

300 யூரோவும் உள்ளே போன வேகத்தில் ரசீது வெளியே வந்தது. 4,800 கொருனா. வந்திருக்க வேண்டியது 7,200. பலகையில் மின்னியது அவர்கள் யூரோவை விற்கும் விலையாம். நம்மிடம் வாங்கும் விலை 16. அது கவுன்டர் ஓரத்தில் ஒரு தாளில், பொடி எழுத்தில்.

அங்கேயே திருப்பிக் கேட்டேன். "கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, முடியாது." சிரிப்பெல்லாம் அதற்குள் எங்கோ போய்விட்டது. ஹோட்டல் வரவேற்பில் இருந்த பையன்தான் விஷயத்தைச் சொன்னான்: 2019 ஏப்ரலிலிருந்து அங்கே சட்டம் இருக்கிறது, 1,000 யூரோ வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் கட்டணமே இல்லாமல் ரத்து செய்யலாம். ரசீதில் நேரம் 11:05. பன்னிரண்டுக்கெல்லாம் மறுபடி கவுன்டரில் நின்றேன். "மேனேஜர் வரணும்." எப்போது வருவார்? "இதோ." ஒரு மணிக்குக் கேட்டால், சாப்பிடப் போயிருக்கிறாராம். போன் போடு என்றால் நம்பர் இல்லையாம். மேனேஜர் நம்பரே இல்லாமல் ஒரு கடை! இரண்டேகாலுக்கு ஒருத்தர் ஆடி அசைந்து வந்தார். ரசீதைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். "மூன்று மணி நேரம் தாண்டிவிட்டதே" என்றார்.

அதே 300 யூரோவுக்கு ஆன செலவைக் கார்டில் செய்திருந்தால் மார்க்கப், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று யூரோ போயிருக்கும். இங்கே மூன்றில் ஒரு பங்கே போய்விட்டது. 100 யூரோ! இத்தனைக்கும் அந்த ஊரில் டிராமுக்குள்ளேயே கார்டைத் தட்டி டிக்கெட் எடுக்கலாம்.

இந்தக் கடைகளை மேற்பார்வை செய்வது செக் தேசிய வங்கி. ரசீதைப் படமெடுத்துப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

என்னென்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், ரயிலுக்கு நேரமாகிறது. நோட்டைக் கையிலிருந்து விடும் முன், மொத்தம் எத்தனை கொருனா தருவார்கள் என்று தாளில் எழுதி வாங்குங்கள். 0% கமிஷனை நம்பாதீர்கள். ஏமாந்தது தெரிந்தால் கவுன்டரை விட்டு நகராமல் மூன்று மணி நேரச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள், நேரத்தோடு வீடியோவும் எடுங்கள். ரொக்கம் வேண்டுமென்றால் வங்கிச் சுவரில் இருக்கும் ஏடிஎம்மில் எடுங்கள். 'ரூபாயில் கணக்கிடட்டுமா' என்று திரை கேட்கும், வேண்டாம் என்று அழுத்துங்கள், இல்லையென்றால் மெஷின்காரன் வைத்ததுதான் ரேட். ஓட்டலில் கார்டு மெஷின் நீட்டினாலும் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு அடுத்தது புடாபெஸ்ட், அங்கேயும் யூரோ இல்லை, ஃபோரின்ட். இனி முழுக்கக் கார்டுதான்.