இருபது ஏக்கரில் மான் வேட்டை: மிச்சிகன் நிலத்தில் எது பலித்தது, எது வீண்செலவு

விதைக்குக் கொடுத்த காசை விட, மரம் அறுக்கும் செயின்சாவுக்கு ஊற்றிய பெட்ரோல்தான் என் நிலத்துக்கு அதிகம் மான்களைக் கொண்டுவந்தது. சிறிய நிலம் வைத்துக்கொண்டு மான் வேட்டைக்காக அதைச் சீர்படுத்த நினைக்கிறவர்களுக்கு இத்தனை வருட அனுபவத்தில் நான் சொல்லக்கூடியது இதுதான். மற்றதெல்லாம் விவரம்.

அமெரிக்காவில், தென் மிச்சிகனில் இருபது ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம். பாதி மேப்பிளும் ஓக்கும் கலந்த காடு, மீதி தரிசு. சுற்றிலும் அடுத்தவர்களின் சோளமும் சோயாவும். ஒரு வெள்ளைவால் மான் சுற்றித் திரியும் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதில் நம்முடையது ஒரு மூலை. மானை நம் வேலிக்குள் நிறுத்தி வைக்க வழியே கிடையாது. பகலில் வந்து படுக்கிற இடமாக வேண்டுமானால் மாற்றலாம். பகல் என்பதுதான் முக்கியம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து, மறைந்த பின் அரை மணி வரைதான் சுடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, காட்டில் கட்டி வைத்த கேமராவில் வரும் பெரிய கொம்பு மான் படம் பார்க்க மட்டும்தான் உதவும்.

ஊரிலிருந்து படிப்பவர்கள் முகம் சுளிக்கலாம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைத் தொட்டால் சிறை. இங்கே நிலைமை தலைகீழ். மிச்சிகனில் மட்டும் சுமார் 20 லட்சம் மான்கள், தென்பகுதியில் அவற்றைக் கட்டுப்படுத்த ஓநாய்க் கூட்டமும் இல்லை. பெண் மான்களை இன்னும் அதிகமாகச் சுடுங்கள் என்று மாநில இயற்கை வளத்துறையே கேட்டுக்கொள்கிறது.

முதலில் எதைச் செய்யக்கூடாது என்பது. சோள மூட்டையைக் கொட்டி வைப்பது, உப்புக்கட்டி வைப்பது இரண்டும் என் நிலம் இருக்கும் மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் 2019 முதல் தடை. காரணம், மானின் மூளையைத் தின்று மெலியவைத்துக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்ற நோய். இந்த மாநிலத்துக் காட்டு மான்களில் அது முதலில் 2015-இல் தலைநகர் லான்சிங் பக்கம் தெரியவந்தது. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் பரவல் எளிது. கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்களே என்று கேட்காதீர்கள், விற்பது வேறு, உங்கள் நிலத்தில் கொட்டுவது வேறு. பயிராக விதைத்து வளர்த்தால் தடை இல்லை.

மானுக்கென்றே பயிரிடும் தீவனப் பாத்திக்கு வருகிறேன். விதைக்கு முன்னால் மண் பரிசோதனை செய்யுங்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு வழியாகவே செய்துகொள்ளலாம். காட்டை ஒட்டிய மண் பெரும்பாலும் புளித்து, அதாவது அமிலமாகிக் கிடக்கும். சுண்ணாம்பு போட்டு பி.எச். அளவை 6.5 பக்கம் கொண்டுவந்தால்தான் க்ளோவர் பிடிக்கும். க்ளோவர் நம் ஊர்க் குதிரை மசாலுக்குப் பங்காளி. தழைச்சத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், ஒருமுறை பிடித்தால் சில வருடம் நிற்கும். மார்ச்சில் மண் ராத்திரி உறைந்து பகலில் இளகும்போது சும்மா தூவிவிட்டாலே போதும், விதையை மண்ணே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் கடைசியில் ரை தானியம் தூவினால் பனி கொட்டிய பிறகும் பச்சையாக நிற்கிறது. எந்த மோசமான மண்ணிலும் அது முளைக்கும். டர்னிப் என் நிலத்தில் சுமார்தான்.

பையில் பெரிய கொம்பு மான் படம் போட்டு விற்கும் விதைக் கலவைகள் காசுக்குப் பிடித்த கேடு. பின்பக்கச் சீட்டைப் படித்துப் பாருங்கள், அதே ரை, அதே க்ளோவர், அதே டர்னிப்தான் இருக்கும். பக்கத்துத் தீவன மில்லில் தனித்தனியாக வாங்கிக் கலந்தால் செலவு பாதியாகக் குறைகிறது.

ஆனால் ஒன்று. சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஏக்கரில் சோயா நிற்கும்போது என் அரை ஏக்கர்ப் பாத்தி மானுக்கு ஒரு வாய் நொறுக்குத்தீனிதான். இந்த வட்டாரத்தில் தீனிக்குப் பஞ்சம் இல்லை. அறுவடை முடிந்ததும் மறைவுக்குத்தான் பஞ்சம். அங்கேதான் செயின்சா வருகிறது.

என் காட்டில் மரங்கள் உயரமாக வளர்ந்து மேலே கூரை போட்டுவிட்டன. வெளிச்சம் இல்லாமல் தரையில் ஒன்றும் முளைக்காது. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரியும். மானுக்கு அது காடல்ல, வெட்டவெளி. அதனால் பிப்ரவரி, மார்ச்சில் உதவாக்கரை மரங்களை, அதுவும் கைக்கு அடக்கமான பருமன் உள்ளவற்றை, நெஞ்சளவு உயரத்தில் முக்கால்வாசி அறுத்துச் சாய்த்தேன். ஹிஞ்ச் கட் என்பார்கள். பட்டை ஒட்டியே இருப்பதால் மரம் உயிரோடு படுத்தபடி தளிர் விடும். மான் வாய்க்கு எட்டும் உயரத்தில் தீனியும் ஆச்சு, படுக்க மறைவும் ஆச்சு. வெளிச்சம் விழுந்த இடங்களில் காட்டு ராஸ்பெர்ரி தானாகவே வந்தது. இரண்டாம் வருடமே பெண் மான்கள் பகலில் அங்கே படுக்க ஆரம்பித்தன. நவம்பர் நடுவில் இணை தேடும் பருவம் உச்சத்துக்கு வரும்போது, பெண் மான் இருக்கும் இடத்துக்கு ஆண் மானை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

இது ஆபத்தான வேலை. பாதி அறுத்த மரம் நடுவில் பிளந்து அறுப்பவர் முகத்துக்கே வரும். ஹெல்மெட், கால் கவசம் இல்லாமல் இறங்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். வெள்ளை ஓக்கைத் தொடவே வேண்டாம். அதன் கொட்டை ஒரே வருடத்தில் முதிரும், துவர்ப்பு குறைவு, மானுக்கு உயிர். அதைச் சுற்றி நெருக்கும் மேப்பிளை எடுத்துவிட்டால் போதும். எந்த ஓக்கையும் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடுவரை வெட்டவே கூடாது, வெட்டுக்காயம் வழியாக ஓக் வாடல் நோய் தொற்றும்.

சாலையோரத் திரைக்கு ஸ்விட்ச்கிராஸ் என்ற உயரமான புல் போட்டேன். முதல் வருடம் களைதான் தெரியும், உழுது போட்டுவிடலாமா என்று கை துறுதுறுக்கும். மூன்றாம் வருடம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. பொறுமை உள்ளவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன்.

அப்புறம், காசே செலவில்லாத ஒரு விஷயம்: நாம் உள்ளே போகாமல் இருப்பது. சிறிய நிலத்தில் ஒரு தடவை நம் வாடையை மோப்பம் பிடித்துவிட்டால் மான் பக்கத்து நிலத்துக்குப் போய்விடும், அங்கே போக நமக்கு உரிமை இல்லை. பரண்களை ஓரத்தில் வைத்தேன். காற்று என்னிடமிருந்து வெளிப்பக்கம் அடிக்கிற நாளில் மட்டும் ஏறுவேன். நடுப்பகுதிக்குள் செப்டம்பர் பிறந்தால் போவதில்லை. படத்தைப் போனுக்கே அனுப்பும் கேமரா விலை அதிகம்தான், ஆனால் படம் பதிவான கார்டு எடுக்கவென்று உள்ளே நடக்கும் வேலை மிச்சம். பரணில் ஏறுவதிலிருந்து இறங்கும்வரை உடம்பில் பாதுகாப்பு பெல்ட் இருக்கட்டும்.

பலன்? பகலில் மான் நடமாட்டம் நன்றாகவே கூடியது. ஃப்ரீசர் நிறைகிறது. கொம்பு மட்டும் பெரிதாகவில்லை. கொம்புக்கு வயது வேண்டும், நான் விட்டுவைத்த இளசை அடுத்த வேலியில் சுட்டுவிடுகிறார்கள். அதைத் தீவனத்தால் சரிசெய்ய முடியாது. "இந்தச் செலவுக்கு எவ்வளவு ஆட்டுக்கறி வாங்கியிருக்கலாம் தெரியுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் சொல்வதில்லை. மிளகு வறுவலுக்கு மான் கறி அருமை, ஆனால் கொழுப்பு கிடையாது என்பதால் நல்லெண்ணெய் தாராளமாக வேண்டும்.

கடைசியாக, விதை வாங்கும் முன்பே அக்கம்பக்கத்து நிலக்காரர்களைப் போய்ப் பாருங்கள். அடிபட்ட மான் சில நூறு அடியாவது ஓடும். இருபது ஏக்கரில் அது பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில்தான் விழும். அனுமதி இல்லாமல் உள்ளே போய் எடுத்தால் மிச்சிகன் சட்டப்படி அத்துமீறல். நான் ஒவ்வோர் அக்டோபரும் இரு பக்கத்தாரிடமும் நேரில் பேசிவிடுவேன், நம்பரும் வாங்கி வைத்துக்கொள்வேன். இருட்டிய பிறகு டார்ச்சோடு போய் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதை விட இது எவ்வளவோ மேல்.