வரிக்குதிரைச் சிப்பியை அழிக்க: பொட்டாஷா, செம்பா?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மில்புரூக் கல்குவாரிக் குளம் சுமார் 12 ஏக்கர். அங்கே பரவியிருந்த வரிக்குதிரைச் சிப்பிகளை (zebra mussel; வெளியிலிருந்து வந்து வேகமாகப் பெருகும் சிறு நன்னீர்ச் சிப்பி) ஒழிக்க, 2006 தொடக்கத்தில் ஏறத்தாழ 1,74,000 கேலன் பொட்டாசியம் குளோரைடு கரைசலைக் கலந்தார்கள். நம் வயல்களுக்கு உரமாகப் போடும் அதே பொட்டாஷ்தான். லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் பொட்டாசியம் என்ற அளவில், சிப்பியின் செவுள்கள் செயலிழந்து அது மூச்சுத் திணறிச் சாகிறது. மீன்கள் பிழைத்தன. பொட்டாசியம் நீரிலேயே பல ஆண்டுகள் தங்குவதால், மீண்டும் வரும் சிப்பிகளுக்கும் அங்கே இடமில்லை. ஆனால் மூடிய குளத்துக்கே இது பொருந்தும். ஓடும் நீரில் அந்த அடர்வு நிற்காது. உள்ளூர்ச் சிப்பிகளையும் இது விட்டுவைக்காது, அதை மறக்கக் கூடாது.

செம்பு மிகக் குறைந்த அளவிலேயே கொல்லும். நெப்ராஸ்காவின் ஆஃபட் விமானப்படைத் தள ஏரியில் 2008, 2009 ஆண்டுகளில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) பயன்படுத்தினார்கள். ஐடஹோவின் ஸ்னேக் ஆற்றில் வரிக்குதிரைச் சிப்பியின் நெருங்கிய உறவான குவாகா சிப்பி தென்பட்டதும், 2023 அக்டோபரில் செம்பு மருந்தை விட்டார்கள். ஆற்றுக்கு வேறு வழி ஏது? விலை கொடுமையானது: டன் கணக்கில் மீன்கள் செத்தன, நீண்ட ஆயுள் கொண்ட வெள்ளை ஸ்டர்ஜன்களும் அவற்றில் இருந்தன. அடுத்த ஆண்டே குவாகா மறுபடி தென்பட்டு, மீண்டும் மருந்து விட வேண்டியதாயிற்று.

குளமென்றால் நான் தயங்காமல் பொட்டாஷையே கேட்பேன். ஆறென்றால், சிப்பி ஓரிடத்தில் மட்டும் இருக்கும்போதே செம்பு.