கோழித் தீவன என்சைம் பவுடர்: ரெண்டு பேட்ச் போட்டு பார்த்தாச்சு

நாங்க கோத்தகிரி கட்டபெட்டு பக்கம், 200 பிராய்லர் விடுற சின்ன செட்டு. மேட்டுப்பாளையத்துல தீவனம் வாங்குற கடைல "அண்ணா இத கலந்து போடுங்க, தின்னது பூரா ஒடம்புல ஒட்டும்"னு ஒரு கிலோ என்சைம் பாக்கெட்ட தலைல கட்டி விட்டாங்க. கம்பெனி பேரு வேணாம், குறையும் சொல்லப் போறேன்ல.

மொத பேட்ச் சுத்த வேஸ்ட், தப்பு என்னோடது. கம்பெனி கிரம்பிள்ஸ் (குருணையா வர்ற ரெடிமேட் தீவனம்) மேலயே இத தூவி போட்டேன், ஒரு மாற்றமும் தெரியல, அப்புறம் மூட்டைல தச்சிருக்கற சீட்ட படிச்சா இந்த பவுடர்ல இருக்கற பைட்டேஸ்ங்கற என்சைம் அதுலயே சேர்த்திருக்குன்னு போட்டிருக்கு. ரெடிமேட் தீவனம் போடுறவங்க இதோட படிக்கறத நிறுத்திக்கலாம், உங்களுக்கு இது தேவப்படாது.

ரெண்டாவது பேட்ச் ஐப்பசி மழைல விட்டது. இந்த தடவ சொந்தமா அரைச்ச தீவனம், மக்காச்சோளம் சோயா புண்ணாக்கோட மாவு மில்லுல சல்லிசா கிடைச்ச உடைஞ்ச கோதுமையும் சேர்த்தேன். நடுவுல தட்டி வச்சு நூறு நூறா பிரிச்சு ஒரு பக்கம் மட்டும் பவுடர். டாக்டர்கிட்ட கேட்டுட்டு அந்த பக்கத்துக்கு டிசிபிய (பாஸ்பரஸுக்காக தீவனத்துல சேர்க்கற டைகால்சியம் பாஸ்பேட்) 100 கிலோவுக்கு 1.8ல இருந்து 1.2 கிலோவா குறைச்சேன். தானியத்துல இருக்கற பாஸ்பரஸ்ல மூணுல ரெண்டு பங்கு பைட்டேட்டா பூட்டி கிடக்கு, அத உடைக்கற என்சைம் கோழி வயித்துல போதாது, அதனால எச்சத்துலயே போயிடும், நாம காசு குடுத்து டிசிபி வாங்கி போடுறோம். பைட்டேஸ் அந்த பூட்ட தொறக்குது, ஆனா டிசிபிய குறைக்காம பவுடர மட்டும் போட்டா செலவு தான் ஏறும். குறைச்ச பக்கம் ஒரு கோழிக்கும் கால் வளையல, எனக்கு அந்த பயம் தான் இருந்துச்சு.

40 நாள்ல எடை பார்த்தா பவுடர் பக்கம் கோழிக்கு 60 கிராம் போல கூட, நூறு கோழில அது ஏத்த இறக்கம்தான், அத வச்சு பெரும பேச மாட்டேன். தீவனம் 20 கிலோ கிட்ட கம்மியா போச்சு, அது பரவால்ல.

நிஜமா அசந்தது லிட்டர்ல தான், அதான் செட்டுல கோழிக்கு கீழ பரப்பற மரத்தூள் படுக்கை. கோதுமைல இருக்கற ஒரு வகை நார் குடல்ல கஞ்சி மாதிரி கொழகொழன்னு ஆக்கிடும், எச்சம் ஒட்டும், ஈரமாகும், பவுடர்ல இருக்கற இன்னொரு என்சைம் சைலனேஸ் அத நறுக்கி விடுது. கீழ பல்லடத்துலன்னா காத்தும் வெயிலும் காய வச்சிடும், இங்க குளிருக்கு தார்ப்பாய இழுத்து மூடியே வச்சிருக்கோம், மிஸ்ட் வேற, லிட்டர் நனைஞ்சா அமோனியா ஏறி உள்ள போனா கண்ணு எரியும். பவுடர் இல்லாத பக்கம் நாலாவது வாரத்துல சில்வர் ஓக் மரத்தூள் பாளம் பாளமா கட்டி ரெண்டு தடவ கிளறி புதுத்தூள் போட்டேன், பவுடர் போட்ட பக்கம் ஒரு தடவ கூட வேண்டி வரல. வெறும் மக்காச்சோளம்னா இவ்ளோ வித்தியாசம் தெரியாது, அதுல அந்த நார் தொல்லை கம்மி.

இப்போ குறை. லேபிள்ல என்சைம் பேரு இருக்கு, யூனிட் எவ்ளோன்னு இல்ல. பைட்டேஸ்னா ஒரு கிலோ தீவனத்துக்கு 500 எஃப்டியு (பைட்டேஸோட வீரியத்த அளக்கற யூனிட்) வழக்கமான அளவு, கிராமுக்கு 5000 எஃப்டியுன்னு போட்டிருந்தா டன்னுக்கு 100 கிராம்னு நாமளே கணக்கு போட்டுக்கலாம், இதுல "டன்னுக்கு 500 கிராம்"னு மட்டும் போட்டா எத நம்பி போடுறது? பாக்கெட்டுக்கு ஜிப்பும் இல்ல, பிரிச்சு நாலு நாள்ல மிஸ்டுக்கு கட்டி கட்டியா ஆயிடுச்சு, மீதிய மூடி போட்ட டப்பால அரிசி முடிச்சு போட்டு வச்சேன். 100 கிலோவுக்கு 50 கிராம்தான், நேரா கொட்டினா ஒரு மூலைலயே நிக்கும், மொத ரெண்டு கிலோ சோள மாவுல நல்லா பெரட்டிட்டு அப்புறம் கலக்குங்க.

5க்கு 3 குடுப்பேன். கேரட் தோட்டத்துக்கு எரு எடுக்க வந்த பக்கத்து வீட்டு அண்ணன் பவுடர் பக்கத்து மூட்டைய தூக்கி பார்த்துட்டு "என்ன தம்பி கனமே இல்ல, கொறைச்சு கட்டிட்டியா"ன்னு கேட்டாரு. ஈரம் இல்லண்ணான்னு சொன்னேன், நம்பாம மூட்டைய அவுத்து கைய விட்டு பார்த்தாரு.