விண்டோஸ் அப்டேட் ஏறவில்லையா: நான்கு வழிகளில் எது, எப்போது

அப்டேட் பாதிவரை ஓடி, ரீஸ்டார்ட் ஆகி, மாற்றங்களை ரத்து செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்புகிறது. தேடிப் பார்த்தால் நான்கு வைத்தியம் கிடைக்கும்: அப்டேட் ஃபோல்டரைக் காலி செய்வது, கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களைச் சரிசெய்யும் டிஸ்ம், எஸ்எஃப்சி என்ற இரு கட்டளைகளை ஓட்டுவது, இருக்கிற விண்டோஸ் மேலேயே மறுபடி இன்ஸ்டால் செய்வது, ரீசெட். இவற்றை வரிசையாகச் செய்து பார் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிழை எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றில் இறங்குவதுதான் நல்லது. அப்டேட் ஹிஸ்டரியில் அந்த எண் இருக்கும்.

80070070 என்று முடிந்தால் சி டிரைவில் இடமில்லை, அவ்வளவுதான். டிஸ்க் கிளீனப் ஓட்டுங்கள்.

டவுன்லோடே நகராமல் நின்றால் ஃபோல்டர் வைத்தியம் சரி. சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட், பிட்ஸ் (பின்னணியில் டவுன்லோட் செய்யும் சர்வீஸ்) இரண்டையும் நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷனின் பெயரை மாற்றுங்கள். புதிதாக ஒன்றை விண்டோஸே உருவாக்கிக்கொள்ளும். சொந்த ஃபைல் எதுவும் போகாது. ஐந்து நிமிட வேலை. ஆனால் டவுன்லோட் முழுதாக முடிந்து, இன்ஸ்டால் ஆகும்போது விழுகிற அப்டேட்டுக்கு இது பெரும்பாலும் உதவாது.

80073712, 800எஃப்081எஃப் போன்றவை வந்தால் சிஸ்டம் ஃபைல்களில் கோளாறு. இங்கேதான் டிஸ்ம். முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி. ஏனென்றால் எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுக்கும் கிடங்கைச் சரிசெய்வதே டிஸ்ம்தான். 62.3 சதவீதத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்கும், மூடிவிடாதீர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: டிஸ்ம் நல்ல ஃபைல்களைத் தேடிப் போவது விண்டோஸ் அப்டேட்டிடம்தான். எது கெட்டுக் கிடக்கிறதோ அதனிடமே மருந்து கேட்கிறது! ஐஎஸ்ஓவை, அதாவது விண்டோஸ் இன்ஸ்டாலர் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைலை, காட்டிச் சரிசெய்யலாம். ஆனால் ஐஎஸ்ஓ இறக்குகிற அளவுக்கு வந்துவிட்டால் கட்டளைகளோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

அந்த ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டினால் விண்டோஸ் தன் மேலேயே மறுபடி இன்ஸ்டால் ஆகும். ஃபைல்களும் ஆப்களும் அப்படியே இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான். மூன்று நிபந்தனை: ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும், பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் ஆப்களை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு வராது; மொழி ஒன்றாக இருக்க வேண்டும்; ஐஎஸ்ஓ இப்போதிருப்பதைவிடப் பழைய பதிப்பாக இருக்கக் கூடாது. அளவு 5 ஜிபிக்கு மேல், தினம் ஒன்றரை ஜிபி ஹாட்ஸ்பாட்டில் நடக்காது. புதிய விண்டோஸ் 11ல் ரெகவரி பக்கத்திலேயே இதற்கொரு பட்டன் உண்டு. அதுவும் விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் இறக்கும் என்பதால், டவுன்லோடே நிற்கிறவர்களுக்கு ஐஎஸ்ஓதான்.

இதில் எதுவுமே பலிக்காத பிழையும் உண்டு. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி 5034441 என்ற அப்டேட் பல கணினிகளில் 80070643 என்று விழுந்தது. ரெகவரி பார்ட்டிஷனில் (விண்டோஸைப் பழுதுபார்க்கும் கருவிகளுக்கென டிஸ்க்கில் ஒதுக்கிய பகுதி) 250 எம்பி காலி இடம் இல்லாததே காரணம். ஃபோல்டரை எத்தனை முறை காலி செய்தாலும் பார்ட்டிஷன் பெரிதாகுமா? அதைக் கையால் பெரிதாக்க மைக்ரோசாஃப்ட் வழிமுறை வெளியிட்டது. அந்த அப்டேட் அடைத்த ஓட்டை, டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் பாதுகாப்பைத் தாண்டிச் செல்வது பற்றியது. பிட்லாக்கரே போடாத வீட்டுக் கணினியில் அதற்காகப் பார்ட்டிஷனில் கைவைக்கச் சொல்ல மாட்டேன்.

ரீசெட் கடைசி. "ஃபைல்களை வைத்துக்கொள்" என்று கொடுத்தாலும் நீங்கள் போட்ட ஆப்கள் போய்விடும். டேலி, இ-கலப்பை, பிரிண்டர் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். தொடங்குமுன் 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று வேறொரு ஃபோனில் பார்த்து, தாளில் எழுதி வையுங்கள்.