கீபோர்ட் போய்விட்டது என்று சொன்னால் உடனே காசைக் கொடுக்காதீர்கள்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தவணைப் பரீட்சைத் தாள்களை பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் நானேதான் அடிப்பது. போன மாதம் ஒரு ராத்திரி, தரம் 8 வினாத்தாளுக்கு நடுவில் லேப்டாப் முரண்டு பிடித்தது. தட்டினால் எழுத்து விழவில்லை. விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் விழுந்தது. நிறுத்திப் போட்டுப் பார்த்தும் அதே கதை.

ஹட்டனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டு விசையைத் தட்டிப் பார்த்தவர், "பனி ஈரம் உள்ளுக்கு எறங்கிருச்சு டீச்சர், கீபோர்ட் மாத்தணும்" என்றார். நம்பிவிட்டேன். எங்கள் வீட்டில் தீப்பெட்டியே நமத்துப்போகும், கீபோர்ட் எம்மாத்திரம்! நான்கு நாள் வைத்திருந்து 11,500 ரூபா வாங்கினார். லேப்டாப்பும் நன்றாகத்தான் வேலை செய்தது.

மூன்றாவது கிழமை பழையபடி அதே கோளாறு. கொழும்பில் இருக்கும் அக்கா மகனுக்கு போன் எடுத்தேன். "வேற கீபோர்ட் இருந்தா யூஎஸ்பில குத்திப் பாருங்க சித்தி" என்றான். பாடசாலைக் கணினியின் கீபோர்டைக் குத்தினேன், அதுவும் அப்படியே. "அப்ப பழுது கீபோர்ட்ல இல்ல, விண்டோஸ்ல" என்றான்.

சங்கதி இதுதான். வலது பக்க ஷிஃப்ட்டை 8 செக்கன் அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியைப் போடவா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். கை நடுங்குகிறவர்களுக்காக வைத்த நல்ல வசதி, சட்டென்று படும் தட்டல்களைக் கணக்கில் எடுக்காது. பாமினியில் ஷிஃப்ட் இல்லாமல் 'ஆ' கூட வராது. அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டு விரலை அதன் மேலேயே வைத்திருந்திருப்பேன், வந்த பெட்டியை வாசிக்காமல் என்டரையும் தட்டியிருப்பேன். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்ட். 10 என்றால் ஈஸ் ஆஃப் அக்சஸ். அங்கே ஃபில்டர் கீஸை அணைத்து, அதன் ஷிஃப்ட் குறுக்குவழியையும் எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை, சதம் செலவில்லை. ஷிஃப்ட்டை ஐந்து தரம் தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ் என்ற இன்னொரு வசதியும் இதே இடத்தில்தான் இருக்கிறது, அதன் குறுக்குவழியையும் எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் கீபோர்டை உற்றுப் பார்த்தேன். பாமினியில் 'ம' அடிக்கும் கே விசையில் எழுத்து எப்போதோ தேய்ந்துபோனது. "புது" கீபோர்டிலும் அது தேய்ந்தேதான் இருந்தது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "பழைய பொத்தானையே புதுசுல மாட்டினேன் டீச்சர்" என்றார். சரி, பழைய கீபோர்ட் எங்கே? குப்பையில் போட்டாராம். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன், கீபோர்ட் என்ற சொல்லே அதில் இல்லை, "சேர்விஸ் 11,500" என்று மட்டும் எழுதியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாளைக்கு நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கப் போகிறேன்.