மூன்று வெயிலும் ஏழு நாள் முன்னறிவிப்பும்: மொட்டை மாடியிலிருந்து ஒரு மதிப்பீடு

வேலூரில் சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு மொட்டை மாடி வடகக் களமாகிவிடும். விடியற்காலையில் அரிசிக் கூழைக் காய்ச்சி, பழைய வேட்டியை விரித்து அதன்மேல் பிழிந்துவிட்டால், உரித்தெடுத்துத் திருப்பிப் போட்டு முழுதாகக் காயவைக்க மூன்று வெயில் வேண்டும். ஆகையால் நாளைய வானம் எப்படி இருக்கும் என்பது மட்டும் எங்களுக்குப் போதாது. நாளை மறுநாளும் அதற்கடுத்த நாளும் தெரிந்தாக வேண்டும். இந்தத் தேவைக்காகவே, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டணமின்றி வெளியிடும் ஏழு நாள் முன்னறிவிப்பை மூன்று கோடைகளாகத் தவறாமல் படித்து வருகிறேன்.

அதற்கு முன்பு கைப்பேசியில் ஒரு தனியார் செயலியை நம்பியிருந்தேன். ஊர்ப் பெயருக்குக் கீழே சூரியப் படங்கள் வரிசையாக நின்ற ஒரு மே மாதப் பிற்பகலில், நான்கு மணிக்கு மேற்கே கறுத்து, புழுதிக் காற்று கிளம்பி, நாங்கள் மாடிப்படி ஏறுவதற்குள் மழை கொட்டிவிட்டது. இரண்டு படி அரிசியின் வடகம் மறுபடியும் கூழாகி வேட்டியோடு ஒட்டிக்கொண்டது.

ஆய்வு மையத்தின் அறிக்கையில் படங்களைவிடச் சொற்களே முக்கியம். முதலில் படிக்கும்போது அவை மழுப்பலாகத்தான் தோன்றும். 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்' என்ற வரியைப் பார்த்து, எங்கேயாவது பெய்யும் என்று சொல்வதற்கு ஓர் அலுவலகம் எதற்கு என்று நானும் கேலி பேசியவன்தான். ஆனால் அது அளந்து வைத்த சொல். மழை பதிவாகும் நிலையங்களில் கால் பங்கு வரை மட்டுமே நனையும் என்றால் 'ஓரிரு இடங்கள்'. பாதி வரை போனால் 'ஒருசில இடங்கள்'. 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை. தமிழகம் முழுமைக்கும் சேர்த்து 'ஓரிரு இடங்கள்' என்றிருக்கும் நாளில் நான் துணிந்து கூழ் காய்ச்சுவேன்; வேலூர், திருப்பத்தூர் என்று மாவட்டப் பெயர்கள் எழுதப்பட்டு, வரைபடத்தில் கவனமாக இருக்கச் சொல்லும் மஞ்சள் நிறமும் விழுந்துவிட்டால் அரிசியை ஊறவே வைப்பதில்லை. இவ்வளவு பயனுள்ள அளவுகோலை ஒவ்வொரு நாள் அறிக்கையின் அடியிலும் இரண்டு வரியில் அச்சிட்டால், புதிதாகப் படிப்பவர் என்னைப் போல ஒரு கோடை முழுவதும் தடுமாற வேண்டியிருக்காது.

வெப்பத்தைச் சொல்லும் முறையில் எனக்கு இன்னும் நிறைவில்லை. 'இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கக்கூடும்' என்று படிக்கும் இல்லத்தரசிக்கோ கட்டடத் தொழிலாளிக்கோ அந்த இயல்பு, அதாவது பல ஆண்டுகளின் சராசரி, எவ்வளவு என்பதையும் அதே வரியில் சொல்ல வேண்டாமா? சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால் வெப்ப அலை. கடலோரத்தில் அந்த 40-க்குப் பதில் 37 டிகிரியே போதும்; இயல்பைவிடக் கூட வேண்டிய அளவு அதே 4.5தான். வேலூருக்கும் சென்னைக்கும் வேறு வேறு அளவு வைத்திருப்பது நியாயமே, ஏனெனில் கடலோரத்தில் ஈரப்பதம் கூடும்போது குறைந்த வெப்பமும் உடலை வாட்டிவிடும். அறிக்கையில் வரும் 'அசௌகரியம்' என்ற சொல் இந்தப் புழுக்கத்தைத்தான் குறிக்கிறது. இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: அவர்கள் சொல்லும் வெப்பநிலை, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் அளக்கப்படுவது. எங்கள் மாடியின் சிமெண்டுத் தரையில் செருப்பில்லாமல் பத்து அடி நடந்தவர்கள் அந்த எண்ணை நம்பமாட்டார்கள்.

கோடை இடிமழையின் இயல்பே முன்னறிவிப்பவர்களுக்குச் சோதனைதான். காலை முழுவதும் தரை காய்ந்து, காற்றின் திசை மாறுபடும் பகுதியில் வங்கக் கடலின் ஈரமும் வந்து சேர்ந்தால், பிற்பகலில் மேகம் மளமளவென்று எழும்பிவிடும். அது காட்பாடியை நனைத்துவிட்டுச் சத்துவாச்சாரியைத் தொடாமலே கலைந்தும் போகலாம். எந்தத் தெருவில் பெய்யும் என்று நான்கு நாள் முன்னதாக எவராலும் சொல்ல முடியாது. ஆகவே முதல் மூன்று நாள் வரிகளை மட்டுமே வைத்து வேலையைத் திட்டமிடுகிறேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு வருவதைப் போக்கு அறிய மட்டும் பார்த்துக்கொள்கிறேன். அன்றன்றைக்கு, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்டவாரியாக வரும் உடனடி எச்சரிக்கைதான் கைகொடுக்கிறது. அதில் வேலூர் பெயரைக் கண்டதும் மாடிக்கு ஓடி, வேட்டியின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து வடகத்தைக் கீழே இறக்கிவிடுகிறோம்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்று, 'இயல்பு' எவ்வளவு என்று சொல்லாததற்கு.